விருந்தும் மறுத்த செலவும்: ஜாய்ஸின் 'இறந்தோர்' என்னும் சிறுகதை

அயல்நாட்டில் வாழ்வோர் எழுதும் இலக்கியத்தை ஆராய்வார் இந்நாளில் பலர். புலம்பெயர் இலக்கியம் என்னும் பெயரால் தமிழ்த்துறைகளிலும் அவ்வாய்வு வேரூன்றியுள்ளது. ஆயின் அவ்வாய்வுகளிற் பலவற்றில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. ஆசிரியர் எந்நாட்டில் இருந்து எழுதினார் என்பதை முதற்கண் குறித்துக்கொள்வர். பின்னர் நூலுள் தாய்நாட்டைப் பற்றிய ஏக்கம் எங்கெங்கு வருகிறது என எண்ணிக் காட்டுவர். அத்துடன் ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கொள்வர். ஓய்வுநாட்களில் மேற்கொள்ளும் சிறு பயணமும், ஆண்டுக்கொரு முறை சுற்றத்தார் கூடியுண்ணும் விருந்தும் அயல்வாழ்வார் எழுத்தில் அடிக்கடி வரும் பொருள்கள். அவற்றை மெய்யான நிகழ்ச்சிக்கு முன்னுரை போலக் கருதிக் கடந்துவிடுதலும் இப்பழக்கத்தின் ஒரு கூறே. ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய 'இறந்தோர்' என்னும் கதை இதனாற் பெரிதும் நலிவுற்றது என்பது எம் கருத்து. அக்கதையின் இறுதியில் வீழும் பனியைப் பற்றி எழுதியோர் மிகப் பலர். அதன் நடுவில் மறுக்கப்பட்ட ஒரு பயணத்தைப் பற்றி நின்று சிந்தித்தோர் சிலரே.

ஆசிரியர் நிலையைச் சுருங்கக் கூறுவோம். ஜாய்ஸ் 1904ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் நோரா பார்னக்கிள் என்னும் கால்வே நகரத்துப் பெண்ணுடன் டப்ளினை விட்டுக் கடல்கடந்தார். அப்போது அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. சட்டப்படி மணந்தது 1931இல். கடல்கடந்து செல்லும் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பா ஒன்றற்கு உரைக்கப்பெறும் பொருள்களுள் ஒன்று. அப்பொருளைக் கொள்வார்க்கு, கடல்கடந்த இவ்வுடன்போக்கு இலக்கணம் காணாத ஒன்றாகவே தோன்றும். அது நிற்க. அவர்கள் முதலிற் போலா நகரிலும், 1905 முதல் திரியெஸ்தே நகரிலும் வாழ்ந்தனர். இரண்டும் அந்நாளில் ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் துறைமுகங்கள். ஜாய்ஸ் அங்கு ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். 1906ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் உரோம் நகரஞ்சென்று, வங்கி ஒன்றில் மடல் எழுதும் எழுத்தராய் ஏழு திங்கள் பணியாற்றி, மறுஆண்டு மார்ச்சில் திரியெஸ்தேக்கு மீண்டார். அவ்வாண்டு கோடையில் கீல்வாதக் காய்ச்சலாற் படுத்தார். செப்டம்பரில் 'இறந்தோர்' நிறைவுற்றது. 'டப்ளின் மாந்தர்' என்னும் தொகுதியில் பதினைந்தாவதாக, இறுதிக் கதையாக, அது 1914இல் வெளிவந்தது.

உரோமில் இருந்த காலத்து ஜாய்ஸ் தம் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு எழுதிய மடல் ஒன்று இங்குக் கருதத்தக்கது. 1906 செப்டம்பரில் எழுதிய அம்மடலில், தாம் அதுகாறும் எழுதிய கதைகளில் டப்ளினிடத்துத் தேவைக்கு மேற் கடுமை காட்டிவிட்டதாக அவர் ஒப்புக்கொள்கிறார். அந்நகரின் விருந்தோம்பலைத் தாம் காட்டவில்லை என்றும், தாம் கண்டவரை ஐரோப்பாவில் வேறெங்கும் அப்பண்பு இல்லை என்றும் வருந்துகிறார். இம்மடலைக் கொண்டு, 'இறந்தோர்' கதையின் விருந்து ஆசிரியர் செலுத்திய கடன் என்று கூறுவார் உளர். ரிச்சர்ட் எல்மன் 1959இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இக்கதையின் பின்புலத்துக்குத் தனி இயலே வகுத்துள்ளார். இவ்வெளிச்சத்தைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. ஆயினும் மடலை விளக்காகப் பிடிக்கலாமே தவிர, அதனைக் கதைக்கு மாற்றாக வைத்தல் ஆகாது. கதையுள் விருந்தோம்பலைப் புகழ்ந்து பேசுவோன் தன் உள்ளத்தில் வேறொன்றை வைத்துப் பேசுகிறான் என்பதை அம்மடல் நமக்குக் கூறாது, கதையே கூறும்.

கதை நிகழ்ச்சி ஓர் இரவில் அடங்குவது. கேட், ஜூலியா என்னும் முதிய உடன்பிறந்தாள் இருவர், தம் தமையன் மகள் மேரி ஜேனுடன் டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் வாழ்கின்றனர். இசை கற்பித்தல் அவர்தம் தொழில். ஆண்டுதோறும் கிறித்துமசு விழாக்காலத்தில் அவர்கள் நடத்தும் ஆடல் விருந்துக்கு உறவினரும் மாணவரும் கூடுவர். ஜாய்ஸின் பாட்டியின் உடன்பிறந்தாரும் அவ்வாற்றங்கரையில், அஷர்ஸ் ஐலண்டு 15ஆம் எண் வீட்டில் வாழ்ந்தோரே. முதியோரின் தமக்கை மகனான கேப்ரியல் கான்ராய் தன் மனைவி கிரெட்டாவுடன் விருந்துக்கு வருகிறான். ஊர்ப்புறத்து மாங்க்ஸ்டவுனில் உள்ள தம் வீட்டுக்கு நள்ளிரவிற் குளிரில் மீளாமல், மக்கள் இருவரையும் பணிப்பெண்ணிடம் விட்டு, நகரில் கிரெஷாம் விடுதியில் ஓரிரவு தங்கத் திட்டமிட்டுள்ளனர். விருந்து முடிகிறது. விடுதியில் கிரெட்டா அழுகிறாள். இளமையில் தன்னைக் காதலித்து இறந்துபோன மைக்கேல் பியூரி என்னும் சிறுவனைப் பற்றிக் கணவனிடம் கூறிவிட்டு உறங்குகிறாள். கேப்ரியல் சாளரத்து வழியே பனி வீழ்வதைக் காண்கிறான்.

இக்கதை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதெனப் பலரும் எழுதுவர். நாம் எண்ணிப் பார்த்தபோது, அவ்வீட்டுக் கூடத்துள் எத்தனை பயணங்கள் பேசப்படுகின்றன என்பது வியப்பளித்தது. கேப்ரியல் ஆண்டுதோறும் நண்பரொடு பிரான்சு, பெல்ஜியம், சிலபோது செருமனி ஆகிய நாடுகளில் மிதிவண்டியிற் சுற்றி வருபவன். உடன் பணியாற்றும் செல்வி ஐவர்ஸ் அவனை மேற்குக் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளுக்குக் கோடையில் ஒரு திங்கள் வந்து தங்குமாறு அழைக்கிறாள். குடிகாரனான பிரெடி மாலின்ஸ் ஒரு கிழமையில் மவுண்ட் மெல்லரே மடத்துக்குச் செல்லவிருக்கிறான். அம்மடத்துத் துறவியர் விருந்தினரிடம் ஒரு காசும் கேளார் என்பது மேசையில் வியப்போடு பேசப்படுகிறது. விருந்து முடியுந் தறுவாயில், கேப்ரியலின் பாட்டனார் தம் குதிரைவண்டியிற் பூங்காவுக்குப் படை அணிவகுப்பைக் காணப் புறப்பட்ட கதை ஒன்று நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. ஆலையிற் சுற்றிச் சுற்றிப் பழகிய அக்குதிரை, வழியில் இருந்த அரசன் சிலையைக் கண்டதும் அதனையே சுற்றத் தொடங்கிவிட்டது. நகைப்புக்குரியதே எனினும், புறப்பட்டும் ஓரிடமும் சேராத அச்செலவு இக்குடும்பத்தின் செலவு எல்லாவற்றுக்கும் வைத்த உவமை போல நமக்குத் தோன்றுகிறது.

இவற்றுள் ஆய்வாளர் எவரும் பெரிதாகக் கருதாத ஒன்றைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். பிரெடியின் தாய் மாலின்ஸ் அம்மையார், கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மணமான மகளோடு வாழ்பவர். ஆண்டுக்கொரு முறை டப்ளினுக்கு வருபவர். கூடியிருப்போருள் அயலகத்தை வாழிடமாகக் கொண்டவராகக் காட்டப்படுபவர் இவர் ஒருவரே. நாக்குத் தடுமாறும் இம்முதியவர், கடற்பயணம் இனிதாக இருந்தது என்றும், மருமகன் தம்மையெல்லாம் ஏரிகளுக்கு அழைத்துச் செல்வார் என்றும், ஒருநாள் அவர் பிடித்த பெரிய மீனை விடுதிக்காரர் சமைத்துத் தந்தார் என்றும் பேசிக்கொண்டே இருக்கிறார். கேப்ரியல் அதனைக் காதில் வாங்கவில்லை. ஐவர்ஸிடம் பட்ட அவமானத்தை எண்ணியவாறும், தன் மேசையுரையைத் திருத்தியவாறும் நிற்கிறான்.

வெறும் முதுமைப் பேச்சாக மட்டும் இதனைக் கொள்வார் கொள்க. அயலகத்தில் வாழும் குடும்பம் ஓய்வுநாளில் ஏரிக்குச் செல்வது, மீன் பிடிப்பது, விடுதியிற் சமைத்துண்பது, பின் ஊர் திரும்பும்போது அதனை உறவினரிடம் பெருமையாகச் சொல்வது, கேட்போர் செவிகொடாமை ஆகிய இவை அயல்வாழ்வின் மெய்ந்நிலை. அதனை ஜாய்ஸ் ஒரு பத்தியில் அடக்கிவிட்டார். அவரே அப்போது அயலகவாழ்நர். தம் நிலையை அறிவாளியாகிய கேப்ரியலிடத்து வையாமல், எவரும் செவிசாய்க்காத மூதாட்டியிடத்து வைத்தமை அவர்தம் நேர்மைக்குச் சான்று. கேப்ரியல் ஐரோப்பாவிற்குச் செல்பவனேயன்றி அங்கு வாழ்பவனல்லன். சுற்றிவிட்டு மீள்வோனுக்கு இழப்பில்லை. அவன் கொண்டு வருவது அயல்மொழிச் சொற்கள் சிலவும், புதுவகைப் பொருள்கள் சிலவுமே. காலணியின் மேல் அணியும் ரப்பர் உறையைப் பற்றிய உரையாடல் இதனைச் செவ்வனே புலப்படுத்தும். பனியும் ஈரமும் படாதவாறு காக்கும் அவ்வுறையைக் கண்டத்து நாடுகளில் எல்லோரும் அணிகின்றனர் என்பது கேப்ரியலின் கருத்து. அது யாதென்றே சிற்றன்னை ஜூலியாவுக்குத் தெரியவில்லை. கிரெட்டா அதனை எள்ளி நகையாடுகிறாள். அன்றிரவும் அணிய மறுத்தே வந்திருக்கிறாள். பனி படாமல் நடக்க விரும்பும் கணவனையும், பனியில் நனைய அஞ்சாத மனைவியையும் ஆசிரியர் வாயிலிலேயே நமக்குக் காட்டிவிட்டார். மழையில் நனைந்து நின்ற சிறுவனின் கதைக்கு இஃது எத்துணை நுண்மையான தோற்றுவாய்!

இனி மறுத்த செலவுக்கு வருவோம். ஐவர்ஸ் தாய்மொழியையும் தாய்நாட்டையும் முன்வைத்து வாதிடுபவள். கண்டத்து நாடுகளுக்குச் செல்வது மொழிப்பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும் மாற்றத்துக்காகவும் என்று கேப்ரியல் கூற, பழக வேண்டிய மொழி ஐரிசு அன்றோ என அவள் மடக்குகிறாள். அவன் சினந்து, தன் நாடே தனக்குச் சலித்துவிட்டது என்கிறான். இச்சொற்போரையே கதையின் கருத்துமோதலாக எடுத்து, தேசியமா உலகநோக்கா என வழக்காடுவது வழக்கம். அவ்வழக்கில் நமக்கு ஆர்வமில்லை. அதற்குச் சற்று முன்னும் பின்னும் நிகழும் இரு சிற்றுரையாடல்களே நம் கருத்தை ஈர்ப்பன.

முதலாவது: கிரெட்டா கன்னாட்டு மாநிலத்தவள் அல்லளோ என ஐவர்ஸ் வினவுகிறாள். ஆரனும் கால்வேயும் அம்மாநிலத்தன. கேப்ரியல் குறுக விடையிறுக்கிறான்: அவள் சுற்றத்தார் அவ்விடத்தார் என்பதே அவ்விடை. வினா மனைவியைப் பற்றியது. விடை மனைவியின் உறவினரைப் பற்றியது. பெண்ணை அவள் பிறந்தகத்தினின்று ஒரே சொல்லால் வெட்டி எடுத்துவிடுகிறான். அவன் இறந்த தாய், கிரெட்டாவை நாட்டுப்புறத்துச் சூதுடையாள் என்ற பொருள்பட ஒருமுறை இழித்துரைத்ததையும், நோயுற்ற அத்தாயைக் கிரெட்டாவே இறுதிவரை பேணியதையும் கதை முன்னரே கூறியுள்ளது. எனவே இவ்விடை நாவின் சறுக்கல் அன்று. குடும்பத்தின் நெடுநாளைய வழக்கம்.

இரண்டாவது: என்ன பூசல் என்று கிரெட்டா வந்து கேட்கிறாள். மேற்கே பயணம் போக அழைத்தாள், மறுத்தேன் என்கிறான். அவள் கைகளைக் கோத்துக்கொண்டு துள்ளுகிறாள். கால்வேயை மீண்டும் காண விரும்புகிறாள். நீ வேண்டுமானாற் போகலாம் என்கிறான் அவன், குளிர்ந்த குரலில்.

கதையின் முதுகெலும்பு இவ்விடத்தே உள்ளது. கேப்ரியலுக்கு ஆரன் ஒரு சுற்றுலா. பிரான்சுக்கும் ஆரனுக்கும் இடையே தேர்வு செய்தல் அவனுக்கு விருப்பத்தைப் பொறுத்தது. கிரெட்டாவுக்கு அப்பயணம் பிறந்தகம் செல்லுதல். இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆள்வதால் வரும் பிழை உயிரைத் தொடும் பிழை. அகப்பாடல்களில் செலவழுங்கல் என்னும் துறை உண்டு. தலைவி வருந்துவாள் என்றுணர்ந்து தலைவன் தன் செலவைத் தவிர்ப்பது அது. அழுங்குதலுக்குக் காரணம் அன்பு. இங்குத் தலைவி செல்ல விழைய, தலைவன் அதனைத் தவிர்க்கிறான். காரணம் அன்பும் அன்று, தடுக்கும் எண்ணமும் அன்று, வெறும் கவனமின்மை. துறையின் பெயரை இக்கதைக்குச் சூட்டுவது எம் நோக்கமன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கேப்ரியலின் குற்றத்தின் அளவு தெரிகிறது. இந்நோக்கிற் பார்ப்பின், இவ்வீட்டில் வேற்றூரில் வாழ்பவர் மாலின்ஸ் அம்மையார் மட்டுமல்லர். தன் தீவிலேயே, தன் கணவன் வீட்டிலேயே, கிரெட்டாவும் வேற்றூரினளாக வாழ்கிறாள்.

இம்மறுப்பு மறக்கப்பட்ட ஒன்றன்று என்பதற்குக் கதையிலேயே அகச்சான்று உண்டு. விடுதி அறையில் மைக்கேல் பியூரியின் பெயரைக் கேட்டவுடன் கேப்ரியலுக்கு முதலில் தோன்றும் ஐயம் யாது? அச்சிறுவனைக் காணவே அவள் ஐவர்ஸ் என்ற பெண்ணோடு கால்வேக்குப் போக விரும்பினாளோ என்பதே. அவள் வியந்து நோக்கி, எதற்கு எனக் கேட்டு, அவன் இறந்துவிட்டான் என்கிறாள். பதினேழாம் வயதில் இறந்தான். எரிவாயு நிலையத்திற் பணிசெய்தவன். 'ஆக்ரிம் நங்கை' என்னும் பழம்பாடலைப் பாடுபவன். அவள் டப்ளின் கன்னிமடத்துக்கு அனுப்பப்படவிருந்த இரவில், நோயுடம்போடு மழையில் வந்து தோட்டத்தில் நின்றவன். மறுக்கப்பட்ட பயணம் இவ்வாறு தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்கிறது. கேப்ரியல் கால்வேக்குச் செல்லவில்லை. கால்வே கிரெஷாம் விடுதிக்கு வந்துவிட்டது.

விருந்தைப் பற்றிய எம் கருத்தையும் இதனோடு இணைத்தே கூறவேண்டும். அம்மேசையை ஜாய்ஸ் வருணிக்கும் பகுதி புகழ்பெற்றது. ஒரு முனையிற் பொரித்த வாத்து, மறுமுனையில் பன்றித்தொடை, அதனருகே மாட்டிறைச்சி. அவற்றுக்கிடையே பாகுகளும் பழங்களும், சுமிர்னா அத்தியும் அமெரிக்க ஆப்பிளும், படைவீரர் சீருடை போல நிறவரிசையில் நிறுத்திய புட்டிகளும். இப்பட்டியலின் நிறைவு பசியுடையோன் நினைவின் நிறைவு என்பதில் எமக்கு ஐயமில்லை; அயலகத்திற் கைப்பொருள் குன்றியிருந்த ஒருவரன்றி வேறெவரும் இவ்வளவு பொறுமையோடு ஒரு மேசையை நிரப்பார். இவ்வருணனையை எள்ளல் எனக் கொள்வார் கூற்று ஏற்கத்தக்கதன்று. எள்ளல் மேசையில் இல்லை. மேசையைப் பற்றிய உரையில் உள்ளது.

கேப்ரியலின் விருந்துரை, டப்ளினின் விருந்தோம்பலை வானளாவப் புகழ்கிறது. ஜாய்ஸின் தந்தையார் நிகழ்த்திய மேசையுரைகளின் சாயல் அதில் உண்டு எனத் தம்பி ஸ்டானிஸ்லாஸ் குறித்துள்ளார். கேட்போர் கண் கலங்குகின்றனர். ஆயின் அவ்வுரையில் புதுத் தலைமுறையைச் சாடும் பகுதி ஐவர்ஸைக் குறிவைத்து எண்ணி வைத்தது. சிற்றன்னையரை அவன் தன் நெஞ்சுள் அறிவில்லாத இரு கிழவியர் என்றே மதிக்கிறான். 1906ஆம் ஆண்டு மடலில் ஆசிரியர் மெய்யாகவே கூறிய ஒன்றைக் கதைமாந்தன் பொய்யாகக் கூறுமாறு அமைத்திருக்கிறார். மடலை வைத்துக் கதையை மதிப்பிடுவோர் வழுக்கி வீழும் இடம் இதுவே. ஆனால் அதே கேப்ரியல், உரைக்கு முன் வாத்தை அரிந்து ஒவ்வொருவர்க்கும் பரிமாறி, எல்லோரும் உண்ணத் தொடங்கியபின் இறுதியில் தன் தட்டின்முன் அமர்கிறான். நாவில் இல்லாத விருந்தோம்பல் கையில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒருவனிடத்தே வைத்தமையால்தான் அவன் வெறும் பொய்யன் ஆகாமல் நம் இரக்கத்துக்கு உரியவனாகிறான்.

ஐவர்ஸோ உண்ணாமலே போய்விடுகிறாள். வற்புறுத்தியும் நில்லாமல், ஐரிசு மொழியில் விடைகூறிப் படியிறங்குகிறாள். நாட்டின் மேன்மையை வாதிட்டவள் அந்நாட்டின் விருந்தை மறுத்துச் செல்ல, நாடு சலித்துவிட்டது என்றவன் அவ்விருந்தைப் பரிமாறுகிறான். இதனை ஆசிரியரின் கட்சிச் சார்பாகக் கொள்ளல் வேண்டா. கிரெட்டாவைப் பிறந்தகம் செல்ல அழைத்தவள் அந்த ஐவர்ஸ் ஒருத்தியே என்பதையும் மறத்தலாகாது.

பனியைப் பற்றி ஒரு சொல். அயர்லாந்து முழுவதும் வீழ்ந்து, வாழ்வோர்மீதும் மாண்டோர்மீதும் ஒன்றாகப் படியும் அப்பனியைச் சிலர் சாவு என்பர், சிலர் அருள் என்பர். மேற்கு நோக்கிப் புறப்படும் காலம் வந்துவிட்டது என்று கேப்ரியல் அப்போது எண்ணுகிறான். அதனைச் சாவுப் பயணம் என உருவகமாக மட்டும் கொள்வது கதையின் முன்பகுதியை மறந்த கொள்கை. மாலையில் அவன் மறுத்த பயணமும் மேற்கு நோக்கியதே. ரப்பர் உறையின்றி, நெஞ்சளவில், அதனை இப்போது மேற்கொள்கிறான். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் கூடாது. இவ்வுணர்வு முழுதும் உறங்கும் மனைவியின் அருகில், அவள் அறியாமல் நிகழ்கிறது. கேப்ரியலின் உள்ளம் விரிவதை ஆசிரியர் அழகாகக் காட்டினார்; கிரெட்டாவின் விருப்பத்தைப் பற்றி மீண்டும் ஒரு சொல்லும் கூறினாரல்லர். கதையின் இறுதியிலுள்ள இசைநயம் இக்குறையை வாசகர் காணாதவாறு செய்துவிடுகிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

கதை முடிந்த ஐந்தாண்டுக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் இங்குக் குறிப்பிடலாம். மைக்கேல் பியூரிக்கு மூலமானவன் நோராவை இளமையில் விரும்பி இறந்த மைக்கேல் பாட்கின். அவன் கல்லறை கால்வேயின் ரஹூன் இடுகாட்டில் உள்ளது. கதையிலோ பியூரி ஊக்டரார்டு என்னும் சிற்றூரிற் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. 1912ஆம் ஆண்டுக் கோடையில் ஜாய்ஸ் குடும்பத்தோடு கால்வே சென்றார். நோராவின் தாய்மாமன் தங்களுக்குச் சிறப்பாக உணவளிப்பதாகத் தம்பிக்கு மடல் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிதிவண்டியில் ஊக்டரார்டு வரை சென்று, தம் கதையின் இடுகாட்டைக் கண்டு, அது தாம் கற்பனை செய்தவாறே இருப்பதாக அம்மடலிற் குறித்தார். கேப்ரியலின் மிதிவண்டி கிழக்கே பெல்ஜியத்துக்குச் சென்றது. அவனைப் படைத்தவரின் மிதிவண்டி மேற்கே சென்றது. ஆரன் தீவுகளையும் அவர் கண்டார். அவற்றைப் பற்றித் திரியெஸ்தே நாளிதழுக்கு இத்தாலிய மொழியிற் கட்டுரையும் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் அயர்லாந்தை விட்டவர், 1941இல் சூரிச்சில் இறக்கும்வரை மீளவில்லை.

கிரெட்டா பின்னர்க் கால்வேக்குச் சென்றாளா என்பதைக் கதை கூறவில்லை. நோரா 1912 ஜூலையில் மகளை அழைத்துக்கொண்டு, கணவருக்கு முன்னரே புறப்பட்டுவிட்டார்.